டெல்லியில அர்பன் ஜியாகிரஃபி வாத்தியார் வேலை: நம்ம பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் டெல்லியில ஒரு காலேஜ்ல ஜியாகிரஃபி எடுக்குறேன், சொந்த ஊரு தென்காசி பக்கம். இங்க அசிஸ்டென்ட் புரொஃபசர் விளம்பரம் வந்தா போதும், சென்னை திருச்சி மதுரைன்னு எல்லா பக்கமும் இருந்து வாட்ஸாப்ல அதே கேள்விங்க வர ஆரம்பிச்சிரும், ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு மாளல, அதான் எழுதியே வச்சிட்டேன்.

அக்கா, அர்பன் ஜியாகிரஃபின்னே (நகரப் புவியியல்) தனியா போஸ்ட் வருமா?

ரொம்ப அபூர்வம். டெல்லி யுனிவர்சிட்டி காலேஜ்ங்கள்ல விளம்பரத்துல வெறும் "ஜியாகிரஃபி"ன்னுதான் இருக்கும், கிரோரி மல், மிராண்டா ஹவுஸ், தயாள் சிங் எதுவா இருந்தாலும் அப்படித்தான். ஸ்பெஷலைசேஷன் போட்டு ஆள் தேடுறது பல்கலைக்கழக துறை லெவல்ல, உதாரணத்துக்கு ஜேஎன்யுவுல சிஎஸ்ஆர்டின்னு சொல்ற மண்டல வளர்ச்சி ஆய்வு மையம். நார்த் கேம்பஸ்ல டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்குள்ள இருக்குற டியு ஜியாகிரஃபி துறை, ஜாமியா இதுங்க விளம்பரத்தையும் சேத்து பாத்துட்டே இருங்க. அம்பேத்கர் யுனிவர்சிட்டியில அர்பன் ஸ்டடீஸ், ஐடிஓ பக்கத்துல எஸ்பிஏன்னு சொல்ற ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்ல பிளானிங், இதுங்களும் உண்டு, ஆனா அங்க ஜியாகிரஃபிக்காரங்க பத்துல ஒருத்தர்தான், ஆர்க்கிடெக்ட், பிளானர், சோஷியாலஜி ஆளுங்க கூட போட்டி போடணும்.

அதனால மனசுல ஒண்ணு வச்சிக்கோங்க, காலேஜ் போஸ்டுக்கு நீங்க நகரம் பத்தி எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் முதல் செமஸ்டர்ல உங்க கையில குடுக்கறது ஜியோமார்ஃபாலஜியாவோ (நில வடிவங்கள் பத்தின பாடம்) கார்ட்டோகிரஃபி (மேப்பு வரையறது) பிராக்டிகலாவோ இருக்கலாம். டோப்போஷீட்ட (மேடு பள்ளம் காட்டுற மேப்பு) விரிச்சு வச்சு கான்டூர் (ஒரே உயர எடங்கள சேர்க்குற கோடு) சொல்லிக் குடுக்க வராதவங்க அங்க நிக்க முடியாது.

நான் எம்ஏ அர்பன் ஸ்டடீஸ், என் ஃப்ரெண்டு எம்.பிளான் (பிளானிங்ல மாஸ்டர்ஸ்). ஜியாகிரஃபி போஸ்டுக்கு அப்ளை பண்ணலாமா?

பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியோட 2018 ரெகுலேஷன்ல மாஸ்டர்ஸ்ல 55 சதவீதம் வேணும், அதுவும் சம்பந்தப்பட்ட அல்லது அதோட ஒட்டின பாடத்துல இருக்கணும்னு எழுதியிருக்கு (எஸ்சி, எஸ்டி, வசதியானவங்கன்னு கழிச்சு விடுற கிரீமி லேயர்ல வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் தளர்வு). இந்த "ஒட்டின பாடம்" எதுன்னு முடிவு பண்றது அந்தந்த யுனிவர்சிட்டி. காலேஜ் போஸ்டுகள்ல ஸ்க்ரீனிங்ல உக்காந்திருக்குறவர் உங்க தீசிஸ எல்லாம் திறந்து பாக்க மாட்டார், டிகிரி சர்டிபிகேட்ல ஜியாகிரஃபின்னு இருக்கா, நெட்டுங்கற தேசிய தகுதித் தேர்வு ஜியாகிரஃபியிலயா, ரெண்டு டிக் போட்டு அடுத்த ஃபைலுக்கு போயிருவார். எனக்கு இதுல வருத்தம்தான், நல்ல நல்ல நகர ஆய்வுக்காரங்க இந்த எடத்துலயே கழண்டு போறாங்க. ஆனா வருத்தப்பட்டு என்ன, உங்க கிட்ட எம்.பிளான் இருந்தா மேல சொன்ன அம்பேத்கர், எஸ்பிஏ மாதிரி எடத்துக்கு முழு தெம்போட போடுங்க, ஜியாகிரஃபி துறைக்குப் போடும்போது விளம்பரத்துல தகுதி வரியை ஒண்ணுக்கு ரெண்டு தடவை படிச்சிட்டு ஃபீஸ் கட்டுங்க.

இப்ப பிஜி சேரப் போற தம்பி தங்கச்சிங்களுக்கு: நகரம்தான் பிடிக்கும்னாலும் டிகிரிய ஜியாகிரஃபியில வாங்கிட்டு டாபிக்க நகரமா வச்சிக்கோங்க. கதவு அதிகம் திறக்கும்.

நெட் மட்டும் போதும்னு சொல்றாங்களே, பிஎச்டி வேண்டாமா?

சட்டப்படி போதும். 2018-ல என்ன சொன்னாங்கன்னா, யுனிவர்சிட்டி துறையில அசிஸ்டென்ட் புரொஃபசர் ஆக 2021 ஜூலையில இருந்து பிஎச்டி கட்டாயம்னு. அப்புறம் கொரோனாவுல ரெண்டு வருஷம் தள்ளி வச்சாங்க, 2023 ஜூலையில அந்த கட்டாயத்தையே எடுத்துட்டு நெட், இல்ல மாநில அளவுல நடக்குற செட், ஸ்லெட் இதுல ஒண்ணு இருந்தா போதும்னு திருத்திட்டாங்க. யூஜிசி ரெகுலேஷன்படி வாங்கின பிஎச்டி இருந்தா நெட்டே வேண்டாம். வெளிநாட்டு பிஎச்டின்னா, அந்த யுனிவர்சிட்டி க்யூஎஸ், டைம்ஸ், ஷாங்காய் இதுல ஏதோ ஒரு ரேங்கிங்ல முதல் 500-க்குள்ள இருந்தா அதுக்கும் நெட் விலக்கு உண்டு.

ஆனா இது அப்ளை பண்றதுக்கான தகுதி மட்டும்தான். ஷார்ட்லிஸ்ட்ல என்ன நடக்குதுன்னு அடுத்த கேள்வியில பாருங்க, அப்ப புரியும்.

ஷார்ட்லிஸ்ட் மார்க் எப்படி போடுறாங்க? கொஞ்சம் கணக்கு போட்டு காட்டுங்களேன்.

யுனிவர்சிட்டி போஸ்டுக்கு மொத்தம் 100. யுஜி 80 சதவீதத்துக்கு மேலன்னா 15, 60-ல இருந்து 80-க்குள்ளன்னா 13. பிஜி அதே மாதிரி 25, 23, 55-ல இருந்து 60-க்குள்ளன்னா 20. பிஎச்டிக்கு 30. ஜேஆர்எஃப்போட (ஆராய்ச்சி உதவித்தொகை) நெட்னா 7, வெறும் நெட் 5, செட் 3. பேப்பருக்கு தலா 2, அதிகபட்சம் 10. டீச்சிங் இல்ல போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை) வருஷத்துக்கு 2, அதுவும் 10 வரைக்கும். அவார்டுக்கு 3.

இப்ப ஒருத்தர் யுஜி 72, பிஜி 68, பிஎச்டி, நெட், மூணு பேப்பர், ரெண்டு வருஷ அனுபவம்னு வைங்க: 13, 23, 30, 5, 6, 4, ஆக 81. இன்னொருத்தர் அதே யுஜி பிஜி மார்க்கு, ஜேஆர்எஃப், மூணு பேப்பர், பிஎச்டி இன்னும் முடிக்கல: 13, 23, 7, 6, மொத்தம் 49. ரெண்டு பேருமே "தகுதி உள்ளவங்க"தான், ஆனா ஒரு போஸ்டுக்கு இத்தனை பேரத்தான் கூப்பிடுவோம்னு வரிசை போடும்போது 49 எங்க நிக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. பிஎச்டி கட்டாயம் இல்லன்னு ரூல் மாறினது உண்மை, இந்த 30 மார்க்கு மாறல, அதான் நான் தீசிஸ் சப்மிட் பண்ணாத பசங்ககிட்ட முதல்ல அத முடிடான்னு திட்டுறது.

அப்புறம் ஒண்ணு, இந்த மார்க்கு எல்லாம் இன்டர்வியூ ரூம் வாசல் வரைக்கும்தான். உள்ள போனா எல்லாரும் ஜீரோல இருந்துதான், செலக்‌ஷன் இன்டர்வியூவ மட்டும் வச்சுன்னு ரெகுலேஷன்லயே எழுதியிருக்கு. 95 வச்சிருக்கேன்னு தெனாவட்டா போறதுல அர்த்தமில்ல, 70-ன்னு பயப்படவும் வேண்டாம்.

என்கிட்ட எம்பிசி கம்யூனிட்டி சர்டிபிகேட் இருக்கு. ஓபிசி போஸ்டுக்கு அத அப்லோட் பண்ணா போதுமா?

போதாது, போதாது, போதாது. நம்ம பசங்க அதிகமா அடிபடுறது இங்கதான், படிப்புலயோ மார்க்குலயோ இல்ல.

தமிழ்நாடு குடுக்குற பிசி, எம்பிசி சர்டிபிகேட் மாநில வேலைக்கு. மத்திய யுனிவர்சிட்டிக்கு வேண்டியது மத்திய அரசு ஃபார்மட்ல இருக்குற ஓபிசி நான் கிரீமி லேயர் சர்டிபிகேட், இதுவும் தாசில்தார் ஆபீஸ்தான், இ-சேவையில அப்ளை பண்ணலாம், ஆனா தனி சர்டிபிகேட். முதல்ல உங்க சாதி பேரு தமிழ்நாட்டுக்கான மத்திய ஓபிசி பட்டியல்ல இருக்கான்னு பாருங்க, மாநில பட்டியல்ல இருக்குறது எல்லாம் அதுல இருக்காது, ஸ்பெல்லிங் கூட வேற மாதிரி இருக்கும். அடுத்தது வருமானம், வருஷத்துக்கு 8 லட்சம்னு வரம்பு, அந்த கணக்குல அப்பா அம்மாவோட சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, ஆனா அவங்க அரசு வேலையில எந்த குரூப்ல இருக்காங்கங்கறது தனியா பாக்கப்படும். இது தெரியாம அப்பாவுக்கு சம்பளம் அதிகம்னு ஜெனரல்ல போட்ட பசங்கள எனக்குத் தெரியும். தேதியும் முக்கியம், விளம்பரத்துல எந்த நிதியாண்டு சர்டிபிகேட் கேட்டிருக்காங்களோ அதேதான் வேணும், ஏப்ரல் மாசம் தாண்டினா பழசு செல்லாம போற வாய்ப்பு இருக்கு. விளம்பரம் வந்தப்புறம் வாங்கிக்கலாம்னு உக்காந்தா டைம் பத்தாது.

இடபிள்யூஎஸ் (பொதுப்பிரிவுல பொருளாதாரத்துல பின்தங்கினவங்களுக்கான ஒதுக்கீடு) நம்ம மாநில வேலையில கிடையாதுங்கறதால சர்டிபிகேட்டே கிடைக்காதுன்னு நினைக்காதீங்க, மத்திய வேலைக்குன்னு கேட்டா தாசில்தார் ஆபீஸ்ல குடுப்பாங்க.

எஸ்சி சர்டிபிகேட் தமிழ்நாட்டுல வாங்கினது, டெல்லியில செல்லுமா?

மத்திய பல்கலைக்கு செல்லும். பெங்களூர்லயோ மும்பையிலயோ மாநில பல்கலைக்கு போட்டா அங்க உங்கள பொதுப்பிரிவாத்தான் எடுத்துப்பாங்க.

இட ஒதுக்கீடு கணக்கு பத்தியும் சொல்லிடுறேன். 2019-ல தனிச் சட்டமே வந்து, ஒவ்வொரு துறையையும் தனியா எண்ணாம மொத்த பல்கலைக்கழகத்தையும் ஒரே யூனிட்டா வச்சு ரோஸ்டர் (எந்த போஸ்ட் எந்தப் பிரிவுக்குங்கற வரிசை) போடணும்னு ஆச்சு. துறைய யூனிட்டா வச்சா மூணு நாலு போஸ்டு இருக்குற ஜியாகிரஃபி மாதிரி சின்ன துறையில எஸ்சி எஸ்டியோட முறை வரவே வராது. இப்ப வருது, ஆனா வந்த போஸ்ட்ட "தகுதியானவர் கிடைக்கல"ன்னு எழுதி மூடிட்டு மறுபடி விளம்பரம் போடுறாங்கன்னு டெல்லியில ஆசிரியர் சங்கங்கள் ரொம்ப நாளா சத்தம் போட்டுட்டு இருக்கு. மறு விளம்பரம் வந்தா கூச்சப்படாம மறுபடி போடுங்க.

யூஜிசி கேர் லிஸ்ட்டே இல்லையாமே, பேப்பர் எங்க போடுறது?

ஆமா, யூஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல்களோட அந்த பட்டியல 2025 பிப்ரவரியில கைவிட்டுட்டாங்க. இனி ஜர்னல் நல்லதா இல்லையான்னு அந்தந்த யுனிவர்சிட்டியே பாத்துக்கணும். காசு வாங்கிட்டு ஒரு வாரத்துல போடுற ஜர்னலுங்களுக்கு இதுல கொண்டாட்டம், ஆனா எதிர்ல உக்காந்திருக்குற சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட்டுக்கு அந்த பேருங்க எல்லாம் அத்துப்படி. மூணு உப்புமா பேப்பருக்கு ஒரு உருப்படியான பேப்பர் மேல். நம்ம சென்னையில இருந்தே வர்ற இந்தியன் ஜியாகிரஃபிக்கல் ஜர்னல் 1926-ல ஆரம்பிச்சது, அது எந்த கமிட்டியிலயும் தெரிஞ்ச பேரு. நாகின்னு கூப்பிடுற தேசிய புவியியலாளர் சங்கத்தோட ஆனல்ஸும் அப்படித்தான்.

இன்டர்வியூல யார் யார் இருப்பாங்க?

யுனிவர்சிட்டின்னா வைஸ் சான்சலர் தலைமை, விசிட்டரோட (மத்திய பல்கலைக்கு அது ஜனாதிபதி) நாமினி, வெளியில இருந்து வர்ற மூணு சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட், டீன், துறைத் தலைவர். காலேஜ்னா கவர்னிங் பாடி சேர்மன், பிரின்சிபால், டிபார்ட்மென்ட் ஹெட், யுனிவர்சிட்டி நாமினிங்க, எக்ஸ்பர்ட்டுங்க.

இத ஏன் சொல்றேன்னா ரூம்ல பாதிப் பேரு ஜியாகிரஃபியே கிடையாது. விசி கெமிஸ்ட்ரியா இருக்கலாம். "உங்க ஆராய்ச்சி என்ன"ன்னு அவர் கேக்கும்போது தியரி பேரா அடுக்கினா அவர் போன எடுத்துருவார். அவருக்கு மூணு வாக்கியத்துல புரியணும், அந்த மூணாவது வாக்கியத்துல எக்ஸ்பர்ட்டு நிமிர்ந்து உக்காரணும். இத வீட்டுல ஜியாகிரஃபி தெரியாத மாமா சித்திகிட்ட சொல்லிப் பாத்துட்டு வாங்க. துறைத் தலைவருக்கு வேற கவலை, இந்த ஆளு வந்தா எந்தெந்த பேப்பர் எடுப்பான், பிராக்டிகல் லேப்ப பாத்துப்பானா, பசங்கள ஃபீல்டு ட்ரிப் கூட்டிட்டு போவானான்னு. வாரத்துக்கு 16 மணி நேரம் கிளாஸ் எடுக்க ஆள் தேடுறாங்க அவங்க, அத மறந்துடாதீங்க.

டெல்லிய பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது அக்கா. தமிழ்நாட்டுல பண்ண ஆராய்ச்சிய வச்சு அங்க என்ன பேசுறது?

அதத்தான் பேசணும்! நிறைய பேரு இங்க வரும்போது டெல்லி மாஸ்டர் பிளான் எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்து, டெல்லியிலயே முப்பது வருஷம் வேலை பாத்த எக்ஸ்பர்ட்டு முன்னாடி ஒப்பிச்சிட்டு மாட்டிப்பாங்க. உங்க ஊர்ல இருந்து ஆரம்பிச்சு டெல்லிக்கு வந்து சேருங்க.

ஒரு உதாரணம், சென்சஸ் டவுன் (சட்டப்படி நகரமா அறிவிக்காம, சென்சஸ் மட்டும் நகரம்னு எண்ணுற ஊரு) பத்தி கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க. ஜனத்தொகை 5,000, ஆம்பளைங்கள்ல முழுநேர வேலை பாக்குறவங்கள்ல 75 சதவீதம் விவசாயம் இல்லாத வேலை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேரு, இது வரைக்கும் எல்லாரும் சொல்லிருவாங்க. அடுத்து நீங்க என்ன சொல்லணும்னா, 2011-ல தமிழ்நாட்டுல 1,097 நகரங்கள், அதுல சட்டப்படி நகரம் 721, சென்சஸ் டவுன் 376-தான். பக்கத்துல கேரளாவுல 520-ல 461 சென்சஸ் டவுன். ஏன் இப்படி தலைகீழா இருக்கு? நம்மகிட்ட பேரூராட்சின்னு ஒரு அமைப்பு இருக்கு, சின்ன ஊரையும் அது நகரக் கணக்குல கொண்டாந்துரும். அதே பேரூராட்சிகள்ல ஐநூறுக்கு மேல 2004-ல சிறப்பு கிராம ஊராட்சியா மாத்திட்டு 2006-ல திருப்பி பேரூராட்சி ஆக்கினாங்க. கிராமத்துக்கு வர்ற மத்திய நிதி கிடைக்கணுங்கறதுதான் அங்க கணக்கு. ஊரு மாறல, பேரு மட்டும் ரெண்டு தடவை மாறுச்சு. இத சொல்லிட்டு அப்படியே டெல்லிக்கு வாங்க: அதே 2011-ல டெல்லியில 110 சென்சஸ் டவுன், சட்டப்படி நகரம் மூணே மூணு. இப்ப நகரம்ங்கறது யாரு முடிவு பண்றதுங்கற கேள்வி உங்க கையில, எக்ஸ்பர்ட்டு உங்க பின்னாடி வருவாரு.

இன்னொண்ணு லால் டோரா. 1908-ல வருவாய்த்துறை கிராமத்து குடியிருப்ப சுத்திப் போட்ட எல்லை, நம்ம ஊரு கிராம நத்தம் தெரிஞ்சவனுக்கு ரெண்டு நிமிஷத்துல புரியும். அதுக்குள்ள கட்டட விதிமுறைங்க தளர்வா இருந்ததாலதான் முனிர்க்கா, கட்வாரியா சராய் மாதிரி எடத்துல சந்துக்குள்ள அஞ்சு மாடி, ரூம் வாடகை, ஸ்டூடண்டுங்க. நத்தம் பட்டா பத்தி ஃபீல்டு ஒர்க் பண்ணவங்க இத ஒப்பிட்டு ஒரு ரிசர்ச் ப்ரொபோசல் போட்டா புதுசா இருக்கும்.

ஜங்புராவுல பாராபுல்லா கால்வாய் ஓரம் இருந்த மதராஸி கேம்ப், நம்ம ஆளுங்க பல தலைமுறையா இருந்த எடம், ஹைகோர்ட் உத்தரவுப்படி 2025 ஜூன் 1-ம் தேதி இடிச்சாங்க, தகுதி இருக்குன்னு எடுத்தவங்களுக்கு வீடு குடுத்தது வடக்கு ஓரத்துல நரேலாவுல. வீட்டு வேலைக்கு போற பெண்களுக்கு வேலை செய்யுற வீடு ஒரு மூலை, புது வீடு இன்னொரு மூலை. தமிழ் தெரிஞ்ச ஆராய்ச்சியாளருக்கு இதுல நுழையற வசதி வேற யாருக்கும் கிடையாது. ஆனா பேசும்போது கண்ணு கலங்க மட்டும் பேசினா பத்தாது, "சரி, மெத்தட் என்ன"ன்னு கேப்பாங்க, எத்தனை குடும்பத்த எப்படி கண்டுபிடிச்சு எத்தனை வருஷம் பின்தொடர்வீங்க, பயண நேரத்த எப்படி அளப்பீங்க, பதில் ரெடியா இருக்கணும்.

ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப்பும் இட விவரங்களும் கையாளுறது) தெரியாம முடியுமா?

இப்ப முடியாதுன்னே சொல்லலாம். க்யூஜிஐஎஸ் இலவசம், அதுல மேப்பு போட வந்தா ஆரம்பத்துக்குப் போதும். 2021-ல நடக்க வேண்டிய சென்சஸ் தள்ளித் தள்ளி 2027-க்கு போயிருச்சு, அதனால "2011-க்கு அப்புறம் டேட்டா இல்லாம நகரத்த எப்படி ஆராய்ச்சி பண்ணுவீங்க"ங்கறது இப்ப எல்லா எடத்துலயும் எழும்புற கேள்வி. சாட்டிலைட் படத்துல கட்டட பரப்பு, ராத்திரி வெளிச்சம், அதோட களத்துல போய் சரிபாத்தல்னு ஒரு தெளிவான பதில் வச்சிக்கோங்க. எனக்கு என்னமோ, சாஃப்ட்வேர் மட்டும் தெரிஞ்சு தெருவுல இறங்காதவங்கள விட தெருவுல இறங்கிட்டு சாஃப்ட்வேர் கத்துக்கறவங்க மேல நம்பிக்கை அதிகம்.

ஹிந்தி தெரியணுமா?

இன்டர்வியூக்கு இங்கிலீஷ் போதும். வேலைக்கு வந்தப்புறம் கதை வேற, டியுவுல பரீட்சைய ஹிந்தியில எழுதுற பசங்க கிளாஸ்ல கணிசமா இருப்பாங்க, சந்தேகமும் ஹிந்தியிலதான் கேப்பாங்க. யாராவது இன்டர்வியூல கேட்டா "தெரியாது, கத்துக்கறேன்"னு நேரா சொல்லுங்க, சண்டைக்கும் போக வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். ஆட்டோக்காரர், காய்கறிக்காரர், ஹவுஸ் ஓனர் மூணு பேரும் சேந்து ஒரே வருஷத்துல கத்துக் குடுத்துருவாங்க.

கெஸ்ட் ஃபேக்கல்டியா முதல்ல வந்து சேரலாமா?

வரலாம், ஆனா கணக்கு போட்டு வாங்க. யூஜிசி 2019-ல சொன்னது லெக்சருக்கு 1,500 ரூபா, மாசத்துக்கு 50,000-க்கு மேல போகக் கூடாது, லீவு மாசத்துல ஒண்ணும் வராது. அனுபவத்துக்கு மார்க் குடுக்கும்போது கெஸ்ட் வருஷங்கள பல எடத்துல முழுசா எண்ண மாட்டாங்க. நல்லது என்னன்னா சிலபஸ் கைக்கு வந்துரும், துறையில நாலு பேருக்கு முகம் தெரியும். பிஎச்டி முடியற தறுவாயில இருக்குறவங்களுக்கு ஓகே, பாதியில இருக்குறவங்க வந்தா தீசிஸ் அப்படியே படுத்துரும்.

பிரைவேட் யுனிவர்சிட்டிங்க எப்படி?

சோனிபட்ல அசோகா, ஜிண்டால், கிரேட்டர் நொய்டா பக்கம் ஷிவ் நாடார், இதெல்லாம் டெல்லிய சுத்தி. அங்க மார்க் டேபிள் இல்ல, ரிசர்ச் ஸ்டேட்மென்ட், டீச்சிங் ஸ்டேட்மென்ட், மூணு பேரோட ரெகமண்டேஷன் லெட்டர், கூப்பிட்டா ஒரு மணி நேரம் உங்க ஆராய்ச்சிய பத்தி பேசுற ஜாப் டாக். ஜியாகிரஃபின்னு துறை பேரு இருக்கணும்னு இல்ல, என்விரான்மென்ட், சோஷியாலஜி, பப்ளிக் பாலிசின்னு ஏதோ பேருக்குள்ள நகரம் ஒளிஞ்சிருக்கும். மேல சொன்ன எம்.பிளான், அர்பன் ஸ்டடீஸ் ஆளுங்களுக்கு இது நல்ல வழி. ஒரே ஸ்டேட்மென்ட்ட எல்லா எடத்துக்கும் அனுப்புனா பேரு மாத்த மறந்து மாட்டிக்குவீங்க, கவனம்.

சம்பளம்?

7-வது சம்பளக் குழுப்படி லெவல் 10, ஆரம்ப பேசிக் 57,700. அதுமேல டிஏ, டெல்லிக்கு வீட்டு வாடகைப்படி 30 சதவீதம். அசோசியேட் புரொஃபசர் ஆனா பேசிக் 1,31,400, ஆனா அதுக்கு 8 வருஷ அனுபவம், ஏழு பப்ளிகேஷன் எல்லாம் வேணும்.

யூஜிசி புது ரூல் கொண்டு வராங்களாமே, அது வரைக்கும் காத்திருக்கவா?

2025 ஜனவரியில புது ரெகுலேஷன் வரைவு வெளியிட்டாங்க, விசி நியமன விஷயத்துல நம்ம சட்டசபையில எதிர்த்து தீர்மானமே போட்டாங்க. வரைவ பாத்து வாழ்க்கைய நிறுத்தி வைக்காதீங்க. விளம்பரத்துல எந்த ரெகுலேஷன்படின்னு போட்டிருக்கோ அதுதான் உங்களுக்கு சட்டம்.

இன்டர்வியூ லெட்டர் வந்துருச்சு. என்ன எடுத்துட்டு வரணும், எங்க தங்கறது?

வாழ்த்துக்கள் மொதல்ல. பத்தாவதுல இருந்து எல்லா ஒரிஜினலும், ரெண்டு செட் ஜெராக்ஸ், கம்யூனிட்டி சர்டிபிகேட் ஒரிஜினல், பேப்பர்களோட முதல் பக்கம் மட்டும் இல்ல முழு பிரிண்ட். நெட் இல்லாம பிஎச்டிய வச்சு வர்றவங்க, அது யூஜிசி ரெகுலேஷன்படி வாங்கினதுதான்னு ரெஜிஸ்ட்ரார் கையெழுத்து போட்ட சர்டிபிகேட்ட மறக்காதீங்க, இதுக்கு நம்ம யுனிவர்சிட்டி ஆபீஸ்ல நாலு நடை நடக்க வேண்டி வரும், இப்பவே கேட்டு வாங்குங்க. ஏற்கனவே அரசு காலேஜ்ல இருக்குறவங்களுக்கு என்ஓசி (தடையில்லா சான்று).

லெட்டர் சில சமயம் ரொம்ப குறைஞ்ச நாள் வச்சு வரும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கிடைக்காது, தட்கல் பாருங்க, ரெண்டு ராத்திரி பயணம்ங்கறதால ஒரு நாள் முன்னாடியே வந்து சேருற மாதிரி போடுங்க. ஜேஎன்யு பக்கம்னா முனிர்க்காவுல ரூம் கிடைக்கும், பக்கத்துலயே ஆர்.கே.புரம், மலை மந்திர் முருகன் கோயில், தமிழ்ச் சங்கம் எல்லாம். நார்த் கேம்பஸ்னா விஸ்வவித்யாலயா மெட்ரோ பக்கத்துல பாருங்க. டிசம்பர் ஜனவரின்னா ஸ்வெட்டர் போதாது, பனிமூட்டத்துல ட்ரெயின் பல மணி நேரம் லேட்டாகும், அதுக்கும் சேத்து ஒரு நாள் கையில வச்சிக்கோங்க.